உள்ளூர் புளூகிராஸ் கச்சேரிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, கென்டக்கி பக்கம் குடியிருக்கும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்கும் பயன்படும். வார இறுதியில் மலைப்பக்கம் வண்டியை விடுகிறோம், அருவி பார்க்கிறோம், இலையுதிர்காலத்தில் படம் எடுக்கிறோம், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம். அதே மலை ஊர்களில் இருட்டிய பிறகுதான் ஏதோ ஒரு பழைய மளிகைக் கடையிலோ தீயணைப்பு நிலையத்துக் கூடத்திலோ ஐந்து பேர் பாஞ்சோவும் (வட்டமான தோல் முகப்புள்ள தந்தி வாத்தியம்) பிடிலும் மாண்டலினுமாக மேடை ஏறி, புளூகிராஸ் என்ற இந்த மலைப்பக்கத்துத் தந்தி இசையை வாசிக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஒரு ஹோட்டல் சாப்பாட்டை விடக் குறைவு, சில இடங்களில் அதுவும் கிடையாது.

பெரிய பெயருள்ள குழுவைப் பெரிய அரங்கில் பார்க்கும் முன்பு உள்ளூர்க் குழு ஒன்றைச் சின்ன இடத்தில் பாருங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. வாசிப்பவரின் விரலும், அவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும் பார்வையும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்தால்தான் இந்த இசை பிடிபடும். ஐம்பதாவது வரிசையிலிருந்து கேட்டால் எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் ஓடுவது போலத் தோன்றி, இது நமக்கு ஒத்துவராது என்று எழுந்துவிடுவீர்கள்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்

புளூகிராஸ் பலர் நினைப்பதுபோல முந்நூறு வருடப் பழமையான நாட்டுப்பாட்டு இல்லை. கென்டக்கி மாநிலத்து ரோசின் என்ற ஊரில் 1911-இல் பிறந்த பில் மன்றோ என்ற மாண்டலின்காரர், தன் மாநிலத்தின் செல்லப்பெயரை வைத்து 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று ஒரு குழுவை நடத்தினார். 1939-இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற வட கரோலினாக்காரர், அப்போது வயது 21, மூன்று விரலால் பாஞ்சோ வாசித்துக்கொண்டு அந்தக் குழுவில் சேர்ந்தார். இன்று புளூகிராஸ் என்றதும் காதில் விழும் சத்தம் அங்கேதான் முழு உருவம் பெற்றது. குழுவின் பெயரே பிறகு அந்த இசைக்குப் பெயராகிவிட்டது.

அதற்கு முன்னால் மலையில் இருந்தது 'ஓல்ட் டைம்' இசை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் பிடில் மெட்டுகளும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் நினைவிலிருந்து இங்கே செய்த பாஞ்சோவும் சேர்ந்து பிறந்தது அது. பாஞ்சோவை வெள்ளைக்காரர்களின் வாத்தியம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பில் மன்றோவே தான் சிறுவயதில் கேட்டுக் கற்ற முக்கியமானவர்களில் ஒருவராக ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரைச் சொல்லியிருக்கிறார். 2005-இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களுக்கென்றே ஒரு கூடுகை நடந்தது. அதிலிருந்து கிளம்பிய இளைஞர்கள் பலர் இந்த வரலாற்றைத் திரும்பவும் மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஓல்ட் டைமில் எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், யாரும் தனியாக முன்னுக்கு வருவதில்லை. புளூகிராஸில் ஒவ்வொருவரும் முறை எடுத்துத் தனியாக வாசிப்பார்கள். உள்ளூர்க் குழுக்கள் பல இரண்டையும் கலந்து கொடுப்பதால், இந்த வித்தியாசம் மட்டும் தெரிந்தால் போதும், கேட்க உட்காரலாம்.

எங்கே போவது

தென்மேற்கு வர்ஜீனியாவில் 'க்ரூக்கட் ரோடு' என்று 300 மைலுக்கு மேல் நீளும் ஒரு இசைப்பாதை உண்டு. மலைச்சாலைகளை ஒட்டி இசை நடக்கும் ஊர்களை எல்லாம் கோத்து வைத்திருக்கிறார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு அதில் இரண்டு இடங்களைச் சொல்வேன்.

ஒன்று ஃப்ளாய்ட். ஒரே ஒரு சிக்னல் விளக்கு உள்ள சின்ன ஊர். அங்கே உள்ள 'ஃப்ளாய்ட் கன்ட்ரி ஸ்டோர்' பகலில் கடை, வெள்ளிக்கிழமை மாலையில் மேடை. முதலில் கொஞ்ச நேரம் தேவாலயப் பாடல்கள், பிறகு நடனத்துக்கான குழுக்கள். கோடைக்காலத்தில் கடைக்கு உள்ளே ஒரு குழு வாசிக்கும்போதே வெளியே நடைபாதையில் இரண்டு மூன்று இடங்களில் தனித்தனி வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே இடம் கிடைக்காமல் போனாலும் வந்த மாலை வீணாகாது.

இன்னொன்று ஹில்டன்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் 'கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட்'. 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு பிரிஸ்டல் நகருக்கு வந்தபோது, ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவினர் மேபல் மூவரும் இந்த மலைப்பள்ளத்தாக்கிலிருந்து போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். நாட்டுப்புற இசைத்தட்டுகளின் வரலாறே அந்தப் பதிவுகளோடு திசை மாறியது. ஏ.பி.யின் மகள் ஜேனட் 1974-இல் அப்பாவின் பழைய கடையில் ஆரம்பித்த சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. கடைக்குப் பக்கத்திலேயே மரக்கூரை போட்ட அரங்கு. இங்கே மின் வாத்தியங்களுக்கு இடமில்லை, மைக் மட்டும் உண்டு. மேபலின் மகள் ஜூனைக் கல்யாணம் செய்த புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அவர் கடைசியாக மேடையில் பாடியது இங்கேதான், 2003 ஜூலை 5 அன்று. பெயர் பெற்ற இடமாயிற்றே என்று தயங்க வேண்டாம், பாட்டி தாத்தா, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிற இடம் அது. மது கிடையாது.

வட கரோலினாவின் ஆஷ்வில்லில் கோடைச் சனிக்கிழமை மாலைகளில் நகர நடுவே 'ஷின்டிக் ஆன் தி க்ரீன்' நடக்கும், 1967-லிருந்து நடக்கிறது, இலவசம், புல்தரையில் நாற்காலி போட்டு உட்காரலாம். அதே மாநிலத்து மவுன்ட் ஏரி ஊரில் சனிக்கிழமை பகலில் ஒரு பழைய தியேட்டரில் நேரடி வானொலி ஒலிபரப்பையே பார்வையாளராக உட்கார்ந்து பார்க்கலாம். அந்த வானொலி நிலையம் 1948-இல் தொடங்கியது. வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊரில் ஆகஸ்டில் நடக்கும் பிடில் போட்டி 1935-லிருந்து நடப்பது. அது பெரிய கூட்டம், பல நாள் விழா, இரண்டாவது மூன்றாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாஷ்வில் போகிறவர்கள் 'ஸ்டேஷன் இன்' என்ற சின்ன அரங்கைக் கேட்டுப் போங்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஜூனில் தந்தையர் தினத்தை ஒட்டி கிராஸ் வேலியில் ஒரு விழா இருக்கிறது.

இதில் எதுவுமே உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இல்லை என்றால், உங்கள் மாநிலத்தின் பெயரோடு 'புளூகிராஸ் அசோசியேஷன்' என்று தேடுங்கள். பல மாநிலங்களில் அப்படி ஒன்று இருக்கிறது, மாத நாட்காட்டியும் போடுவார்கள். அப்புறம் நூலகத்து அறிவிப்புப் பலகை, விவசாயிகள் சந்தை, பழைய கிடார் விற்கும் கடை. கிடார் கடைக்காரரிடம் "இந்த வாரம் எங்கே நல்ல வாசிப்பு?" என்று கேட்டால் எந்தக் குழு எந்த இடத்தில் என்பதோடு யார் வாசிப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுவரை சொல்லிவிடுவார்.

கிளம்பும் நாள்

நேரத்தையும் தேதியையும் அன்று காலையில் மறுபடி சரிபாருங்கள், குளிர்காலத்தில் பல இடங்கள் அட்டவணையை மாற்றிவிடும். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கிவையுங்கள், மலைச்சாலைகளில் சிக்னல் கிடைக்காது. புளூ ரிட்ஜ் பார்க்வே வழியாகப் போவதாக இருந்தால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள், 2024 செப்டம்பர் ஹெலீன் புயலில் வட கரோலினா பக்கம் அந்தச் சாலை மோசமாகச் சேதமடைந்தது.

ஐந்து டாலர், பத்து டாலர் நோட்டுகளாகக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு கார்டு வாங்கினாலும், மேடைக்கு முன்னால் வைத்திருக்கும் வாளிக்கும், சுற்றி வரும் தொப்பிக்கும் நோட்டுதான் வேண்டும். இலவச நிகழ்ச்சியில் குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வாளியில் விழுவதுதான். நான்கு பேராகப் போனால் இருபது டாலராவது போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். உள்ளூர்க் குழுக்காரர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்; பள்ளி ஆசிரியர், மின்வேலைக்காரர், நர்ஸ் என்று வேலை முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து வாசிக்கிறார்கள்.

திறந்தவெளி என்றால் மடக்கு நாற்காலி, ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர். மலையில் சூரியன் இறங்கியதும் குளிர் வந்துவிடும். விழாக்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: காலையிலேயே நாற்காலியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அது காலியாக இருந்தால் வேறு யார் வேண்டுமானாலும் உட்காரலாம், உரியவர் வந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட வேண்டும். ஆனால் எல்லா விழாவிலும் இது உண்டா என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த இடங்களில் விற்கும் பீன்ஸும் சோளரொட்டியும் பார்த்ததும் நமக்கான சாப்பாடு போலவே இருக்கும், ஆனால் மலைப்பக்கத்துச் சமையலில் பீன்ஸைப் பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கம், கீரையும் அப்படித்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் வண்டியில் சாப்பிட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள்.

நம்மைப் போன்றவர்கள் அங்கே உட்காரலாமா என்ற கேள்வி பலருக்கு இருக்கிறது, வாய்விட்டுக் கேட்பதில்லை. பல இடங்களில் நம் நிறத்தவர் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள், அது உண்மை. எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கேள்வியும் வரும். வந்த ஊரைச் சொல்லிவிட்டு, இதுதான் முதல் முறை, எதைக் கேட்க வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். என் அனுபவத்தில் அதற்குப் பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், மாலை முழுவதும் உங்களுக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தமாதிரி.

எங்கே உட்காருவது, என்ன கேட்பது

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அரை மணி நேரம் முன்பே போய் முதல் மூன்று வரிசைக்குள், கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள். மேடையில் ஒரே ஒரு மைக் நடுவில் நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எல்லோரும் அந்த ஒன்றைச் சுற்றியே நிற்பார்கள். பாடுபவர் பின்வாங்க, பிடில்காரர் உள்ளே நுழைய, அவர் விலகும் இடைவெளியில் பாஞ்சோக்காரர் தோளைச் சாய்த்து முன்னால் வர, வாத்தியத்தோடு வாத்தியம் இடிக்காமல் இந்த நகர்வு பாட்டு முழுக்க நடக்கும். ஒலிக்கட்டுப்பாட்டாளர் செய்ய வேண்டிய வேலையை இவர்கள் கால்களே செய்கின்றன.

முதல் இரண்டு பாட்டுக்கு மாண்டலினை மட்டும் கவனியுங்கள். மாண்டலின் என்றால் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ்தான், அவர் வாசித்தது ஐந்து தந்தி மின் மாண்டலின். இங்கே இருப்பது மின்சாரம் இல்லாத, ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி கட்டிய மாண்டலின். மெட்டு வாசிக்காத நேரத்தில் இது தாளவாத்தியமாகிவிடும். குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய பிடில் போன்ற டபுள் பாஸ் ஒன்றாம், மூன்றாம் தட்டில் 'தும்' என்று அடிக்க, மாண்டலின் இரண்டாம், நான்காம் தட்டில் தந்தியை அடித்து உடனே இடதுகையால் அமுக்கிவிடும், 'சக்' என்று கேட்கும். தும்-சக், தும்-சக். அந்த 'சக்' காதில் பிடிபட்ட நிமிடத்திலிருந்து வேகம் உங்களைக் குழப்பாது.

அடுத்து பாஞ்சோ. வலது கையைப் பாருங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் மீட்டு வளையம் மாட்டியிருக்கும். மூன்றும் மாறி மாறிச் சுழல்வதில் சுரங்கள் பொழிந்துகொண்டே இருக்கும், அந்தப் பொழிவுக்குள் மெட்டு ஒளிந்திருக்கும். வளையம் எதுவும் இல்லாமல், மடக்கிய கையின் நகத்தால் கீழ்நோக்கித் தட்டி வாசித்தால் அது பழைய ஓல்ட் டைம் முறை. மடியில் படுக்கவைத்து உலோகத் துண்டால் தந்தியைத் தேய்த்து வாசிக்கும் கிடார் போன்ற வாத்தியம் டோப்ரோ. நம் காதுக்கு உடனே நெருக்கமாவது அதுதான், கமகம் போலக் குழைந்து வரும். டோப்ரோ இருக்கும் குழு கிடைத்தால் விடாதீர்கள்.

பாட்டின் அமைப்பு எளிது. ஒரு வாத்தியம் தொடங்கிவைக்கும், ஒருவர் ஒரு அடி பாடுவார், பல்லவி வரும்போது மூன்று பேர் மைக்கைச் சூழ்ந்து சேர்ந்து பாடுவார்கள். நடுக்குரல் மெட்டைப் பாட, ஒரு குரல் அதற்கு மேலே கூர்மையாகப் போகும், இன்னொன்று கீழே நிரப்பும். அந்த மேல்குரல் முதலில் கொஞ்சம் கிறீச்சென்று பட்டாலும், அதுதான் இந்த இசையின் முத்திரை, பில் மன்றோ பாடியது அப்படித்தான். பல்லவி முடிந்ததும் ஒருவர் தனியாக வாசிப்பார், அதை 'பிரேக்' என்பார்கள். அடுத்த பிரேக் யாருக்கு என்பது ஒரு தலையசைப்பில் முடிவாகும். பிரேக் முடியும் இடத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டலாம், தட்டவேண்டும், பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வரிகள் புரிய ஆரம்பித்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கலாம். துள்ளலான மெட்டில் கொலை, தூக்குமேடை, செத்துப்போன அம்மா, விட்டுவந்த வீடு, திரும்பாத ரயில் என்று வரும். வேலை தேடி மலையை விட்டு ஆலை நகரங்களுக்குப் போனவர்களின் ஏக்கம் இந்தப் பாட்டுகளில் நிறைய இருக்கிறது. ஊரை விட்டு வந்த நமக்கு அந்த வீட்டுப் பாட்டுகளைக் கேட்க மொழிபெயர்ப்பு தேவைப்படாது. நடுவில் ஒன்றிரண்டு கிறிஸ்தவப் பாடல்கள் கட்டாயம் உண்டு, அப்போது சத்தம் குறைந்து, கிடாரும் மாண்டலினும் மட்டும் பின்னால் நிற்க நான்கு குரல்கள் முன்னுக்கு வரும். எந்த மதத்தவராக இருந்தாலும் அந்த நான்கு குரல் சேர்க்கைக்காகக் கேளுங்கள்.

நடனம், இடைவேளை, வட்டம்

மேடைக்கு முன்னால் காலியாக மரத்தரை இருந்தால் அது நடனத்துக்கு, அங்கே நாற்காலி போடாதீர்கள், நின்று படமும் எடுக்காதீர்கள். ஆடுபவர்கள் ஷூவுக்கு அடியில் உலோகத்தகடு வைத்து, உடம்பின் மேல்பாதி அசையாமல் காலால் மட்டும் தாளம் போடுவார்கள். எண்பது வயதுக்காரர்களும் ஆறு வயதுக் குழந்தைகளும் ஒரே தரையில் ஆடுவார்கள். ஆடத் தெரியாது என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

இடைவேளையில் குழுவினர் தங்கள் சிடி மேசைக்கு வந்து நிற்பார்கள். தாராளமாகப் பேசுங்கள். "எந்த மெட்டு உங்கள் ஊரிலிருந்து வந்தது?" என்று கேட்டால் பிடில்காரர்களுக்கு முகம் மலரும், யாரிடமிருந்து கற்றார், அவர் யாரிடமிருந்து கற்றார் என்று மூன்று தலைமுறை சொல்வார்கள். முழுப் பாட்டையும் வீடியோ எடுப்பதாக இருந்தால் அப்போதே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காதீர்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் கூட்டம் வட்டமாகக் கூடி வாசிக்க ஆரம்பித்தால், அது 'ஜாம்'. வட்டத்துக்கு வெளியே நின்று கேட்கலாம். உள்ளே காலியாக இருக்கும் நாற்காலி வாசிப்பவருக்கானது. வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் நடுவில் குறுக்கே நடக்கக் கூடாது. யாருடைய வாத்தியத்தையும், திறந்து கிடக்கும் பெட்டியையும் கேட்காமல் தொடக் கூடாது, குழந்தைகளிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். ஓல்ட் டைம் வட்டத்தில் ஒரே மெட்டு பத்து நிமிடம் கூடச் சுற்றும், எப்போது முடியும் என்று தெரிய வேண்டுமா, மெட்டை ஆரம்பித்தவரின் காலைப் பாருங்கள். அவர் ஒரு காலை உயர்த்தினால் அதுதான் கடைசிச் சுற்று, எல்லோரும் ஒன்றாக நிறுத்துவார்கள்.

நீங்களே கிடாரோ வயலினோ வாசிப்பவராக இருந்தால், முதல் தடவை வட்டத்துக்குப் பின்வரிசையில் நின்று மெதுவாகச் சேர்ந்துகொள்ளலாம், தலையசைத்துக் கூப்பிட்டால் மட்டும் பிரேக் எடுங்கள். பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டதென்றால் 'ஜூனியர் அப்பலேச்சியன் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு திட்டம் இருக்கிறது, 2000-இல் வட கரோலினாவின் அலெகனி கவுன்டியில் தொடங்கிப் பக்கத்து மாநிலங்களுக்கும் பரவியது. பள்ளி முடிந்த நேரத்தில் பாஞ்சோ, பிடில், கிடார் சொல்லித்தருகிறார்கள். உங்கள் கவுன்டியில் அது இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.